எட்டு முழ வேட்டிக்குள்ளே

வாசல் வரைக்கும்னு போட்டுக்குங்கம்மா. கடைசி ஒரு மாசத்துல வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போனீங்கன்னுதானே கேட்டீங்க? வாசல் வரைக்கும். பால் பாக்கெட் எடுக்க. அதுவும் அஞ்சலை வராத நாள்ல. அஞ்சலைங்கிறது சமைச்சுப் போட வர்ற பொம்பளை. வேற யாரும் இல்லை வீட்டுல. சம்சாரம் போய் ஒன்பது வருஷமாச்சு, பையன் மஸ்கட்ல. அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. பேரு என்ன சொன்னீங்க? மெர்லின். ஆஸ்பத்திரி ஆராய்ச்சியிலேர்ந்து. சரி.

நடக்காததுக்குக் காரணமா? அதுக்கு நாலு கட்டம் கொடுத்திருக்கீங்க, இல்ல? வலி, விழுந்துடுவோம்கிற பயம், துணைக்கு ஆள் இல்லை, மற்றவை. மற்றவைக்குப் பக்கத்துல அரை வரி இடம் விட்டிருக்கீங்க. அரை வரியில எப்படிம்மா எழுதுவீங்க? நான் முப்பத்திநாலு வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ்ல இருந்தவன். கடைசியில ஹெட் கிளார்க். ரத்தினசபாபதின்னு கேளுங்க, இந்த ஊர்ல பத்திரம் பதிஞ்ச அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு ஓட்டு வீட்டுக்கு நாலெல்லை எழுதவே அரைப் பக்கம் வேணும். அதனால நான் சொல்றேன், நீங்க எப்படிச் சுருக்கணுமோ சுருக்கிக்குங்க. அவசரம் இல்லையே? மணி ஒண்ணுதான் ஆகுது.

போன வருஷம் இதே மாசம் என் தங்கச்சி வீட்டுக்காரர் இறந்துட்டார். தங்கச்சி பேரு சௌந்தரவல்லி. வல்லின்னு கூப்பிடுவோம். எனக்கு எட்டு வயசு இளையவ. இதே மன்னார்குடிதான், ஊருக்கு அந்தக் கடைசியில வீடு. மாப்பிள்ளை கலியமூர்த்தி தங்கமான மனுஷன். காபி குடிச்சுட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவர், அப்படியே சாஞ்சுட்டார். எனக்கு அப்பவே ரெண்டு முட்டியும் போச்சு, இடுப்பும் பிடிப்பு. வாக்கர் இல்லாம எழுந்திரிக்க முடியாது. இருந்தாலும் அன்னைக்குப் போனேன். ஆட்டோவுலேர்ந்து ரெண்டு பேர் அக்குள்ல கையைக் குடுத்துத் தூக்கி இறக்கினாங்க. கூட்டத்துல யாரோ ஒருத்தன், 'சாரைப் பாருடா, அடுத்த டிக்கெட் இவர்தான்'னான். எனக்குக் காது நல்லாக் கேக்கும். அதெல்லாம் நான் பெரிசா எடுத்துக்கலை. சும்மா சொல்றேன்.

பதினாறாம் நாள் காரியம் வந்துச்சு. உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் அன்னைக்குப் புருஷனை இழந்தவளுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடணும். புதுப் புடவை. அண்ணனோ தம்பியோ கையால அவ மேல போடணும். எங்கப்பா அம்மா எப்பவோ போயிட்டாங்க, கூடப் பொறந்தது நாங்க ரெண்டு பேர்தான். ஆக, பொறந்த வீடுன்னா அவளுக்கு நான் ஒருத்தன்தான். புடவையெல்லாம் எடுத்தாச்சு. நல்ல புடவை, கும்பகோணத்துலேர்ந்து வரவழைச்சேன். ஆனா போகலை.

ஏன்னா மணல். அவ வீட்டுக்கு முன்னாடி நீளமா ஒரு சந்து. ஆட்டோ சந்து முனையோட நின்னுடும். அங்கேர்ந்து வீட்டு வாசல் எழுபது அடி இருக்கும். அந்த எழுபது அடிக்கும் பந்தல் போட்டு, கீழே மணல் பரப்பிட்டாங்க. வாக்கர் மணல்ல ஓடாதும்மா. புதைஞ்சுக்கும். தரையா இருந்தா போயிருப்பேன். ரெண்டு பக்கமும் நாற்காலி போட்டு சாதிசனம் உட்கார்ந்திருக்கும், அது எனக்கு ஒரு விஷயமே இல்லை. மணல்தான்.

அதனால என் சித்தப்பா மகன் தருமுகிட்ட புடவையைக் கொடுத்து அனுப்பினேன். அவனும் அவளுக்கு அண்ணன் முறைதானே. தருமு போனான், ஒரு மணி நேரத்துல புடவையோட திரும்பி வந்துட்டான். என்னடான்னேன். 'வல்லி வாங்கமாட்டேன்னுடுச்சு அண்ணே. அண்ணன் கையால விழுந்தாத்தான் கோடி, ஆள்கிட்டக் கொடுத்தனுப்பினா அது வெறும் துணின்னு சபையில சொல்லிடுச்சு'ங்கிறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. அவ்வளவு பேர் மத்தியில, கோடியே போட்டுக்காம எழுந்து போயிட்டாளாம். ஒருத்திக்குப் பொறந்த வீட்டுக் கோடி விழலைன்னா ஊர்ல என்ன பேசுவாங்க, அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சா. அதோட பேச்சு நின்னுபோச்சு.

எனக்குக் கோபம் வந்துச்சான்னா, இல்லை. அழுகை வந்துச்சான்னா, அதுவும் இல்லை. தருமு போன பிறகு சாப்பிட்டேன், படுத்தேன். அஞ்சலை 'என்ன ஐயா, சாம்பார்ல உப்பு இல்லையே, சொல்லக் கூடாதா'ன்னு மறுநாள் கேட்டா. எனக்கு அது தெரியவே இல்லை.

மூணு மாசம் கழிச்சுத்தான் உங்க ஆஸ்பத்திரி ஆளுங்க வந்தாங்க. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல, நடை தளர்ந்தவங்க வேணும், இடுப்புல கட்டிக்கிற ரோபோ, பன்னிரண்டு வாரம், ஆராய்ச்சின்னாங்க. நடை பழக்கிவிடற பிரபாகர் தம்பிதான் கூட வந்தது. ஒப்புதல் படிவம் ஏழு பக்கம். நான் ஏழு பக்கத்தையும் படிச்சேன், ஒரு மணி நேரம். தம்பி சிரிக்கிறார், 'சார், எங்க டாக்டரே இதை முழுசாப் படிச்சிருப்பாரான்னு தெரியலை'ங்கிறார். நான் படிக்காத காகிதத்துல கையெழுத்துப் போடமாட்டேன்னேன். மெஷினைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் கட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். இடுப்பைச் சுத்தி ஒரு பட்டை, ரெண்டு பக்கமும் மோட்டார், அதுலேர்ந்து ஒரு கம்பி இறங்கித் தொடையில ஒரு பட்டை. காலை லேசா எடுத்தாப் போதும், மிச்சத்தை அது எடுத்துடும். முதல் நாள் ஹால்ல பதினெட்டு அடி நடந்தேன். வாக்கர் இல்லாம. திரும்பிப் பார்த்தா அஞ்சலை முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நிக்கிறா. 'ஏண்டி, நான் என்ன செத்தா போயிட்டேன்'னு ஒரு அதட்டு போட்டேன்.

அப்புறம் தம்பி ஒரு கேள்வி கேட்டார். 'சார், நீங்க நடந்து போகணும்னு நினைக்கிற ஒரு இடம் சொல்லுங்க, அதையே குறிக்கோளா வெச்சுக்கலாம்'னார். நான் 'லைப்ரரி'ன்னேன். எழுதிக்கிட்டார். அந்த லைப்ரரியில கரண்டே இருக்காது. நான் அங்கே போய் இருபது வருஷம் ஆச்சு. சும்மா ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னது.

ரெண்டாவது மாசம் தெருவுல நடக்க ஆரம்பிச்சேன். காலையில ஆறு மணிக்கு, தம்பி பக்கத்துலயே வருவார். மெஷின் வெளியில தெரியக்கூடாதுன்னு மேலே எட்டு முழ வேட்டி, அதுக்கு மேல தொளதொளன்னு ஜிப்பா. கிட்ட வந்து காது கொடுத்தாத்தான் லேசா ஒரு ரீங்காரம் கேக்கும். தம்பி சொன்னார், 'பேன்ட் மேலேயே கட்டலாம் சார், எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க.' எனக்குச் சரிப்படாதுன்னுட்டேன். எதிர்வீட்டு பேங்க்காரர் 'சார் பழையபடி ஆயிட்டீங்களே, என்ன மருந்து'ன்னு கேட்டார். கொள்ளு ரசம்னேன். அந்த மனுஷன் ஒரு வாரம் கொள்ளு ரசம் வெச்சுக் குடிச்சிருக்கார். அஞ்சலைகிட்ட மட்டும் சொல்லி வெச்சேன், இது ஆஸ்பத்திரி ரகசியம், வெளியில மூச்சு விடக்கூடாதுன்னு. படிவத்துலயே இருக்கு பாருங்க, ஐஞ்சாம் பக்கம், ரகசியம் காக்கப்படும்னு. கையெழுத்துப் போட்டவன் நான்.

போன் அடிக்குது. அடிக்கட்டும். தருமுவாத்தான் இருக்கும். எடுக்க வேண்டாம்மா, அது ஓஞ்சுடும்.

பன்னிரண்டாவது வாரம். வியாழக்கிழமை மெஷினைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறதா ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை நான் தனியாக் கிளம்பிட்டேன். தனியாப் போகக் கூடாதுன்னு விதி, தெரியும், அதை நீங்க எழுதிக்க வேண்டாம். புடவையைப் பையில போட்டுக்கிட்டு ஆட்டோவுல சந்து முனை வரைக்கும் போய் இறங்கினேன். யார் கையையும் பிடிக்காம இறங்கினேன். பையைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தேன் பாருங்க, எழுபது அடி! முதுகு நிமிர்ந்து, ஆபீஸ்ல பதிவாளர் அறைக்குள்ள ஃபைல் எடுத்துட்டுப் போவேனே, அந்த நடை. வல்லி வாசல்ல முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்கினா. என்னைப் பார்த்தா. நான் கிட்டப் போய் நின்னேன். அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனைச்சேன். அண்ணன் நடந்து வர்றானேன்னு.

அவ எழுந்து நின்னா. என் காலையே பார்த்தா. 'நல்லாத்தானே நடக்கிறே'ன்னா. பையை இந்தக் கைக்கு மாத்திக்கிட்டேன். 'இந்தக் காலை வெச்சுக்கிட்டா அன்னைக்கு வரலை? நான் தருமுகிட்ட சண்டை போட்டுப் புடவையைத் திருப்பி அனுப்பினேண்ணே, அப்புறம் எங்கண்ணன் முடியாமத்தான் வரலையோ, நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேனோன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா. உனக்கு முடிஞ்சிருக்கு. வர மனசில்லை, அவ்வளவுதானே'ன்னா. கையெல்லாம் கீரை. அந்தக் கையாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

எட்டு முழ வேட்டிம்மா. ஒரு முழம் தூக்கிக் காட்டியிருந்தாப் போதும். தொடையில கட்டியிருக்கிற பட்டை தெரிஞ்சிருக்கும். அவ முட்டாள் இல்லை, பார்த்தவுடனே புரிஞ்சுக்குவா. ஆனா நான் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். ரகசியம்னா ரகசியம். கூடப் பொறந்தவளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வெச்சுக்க முடியுமா? பத்திரம் பார்த்துச் சோறு தின்னவன் நான். 'சரி, வர்றேன்'னேன். திரும்பினேன். பை கையிலேயே இருந்துச்சு. வந்ததைவிடப் போறப்போ நடை இன்னும் நல்லா இருந்துச்சு. அந்த மெஷினுக்கு என்ன தெரியும், திரும்பிப் போறான்னு. காலை எடுத்தா அது தூக்கிவிடும். சந்து முனை வர்றவரைக்கும் அவ பார்த்துக்கிட்டேதான் இருந்தா. முதுகுல தெரியும்ல.

வியாழக்கிழமை வந்து அளந்தாங்க. ஆறு நிமிஷத்துல முன்னாடி நூத்திநாப்பது மீட்டர் நடந்தவன், மெஷின் இல்லாமலே இருநூத்திமுப்பது நடந்தேன். தம்பி கை குலுக்கினார். 'விட்டுடாதீங்க சார், தினம் நடங்க, இல்லைன்னா ஆறு மாசத்துல பழைய இடத்துக்கே போயிடும்'னார். நான் விட்டுட்டேன். ஏன்னு கேக்காதீங்க. காலையில எழுந்திருப்பேன், வேட்டியைக் கட்டுவேன், உட்கார்ந்துடுவேன். வருத்தமா இருந்துதான்னா, அதுவும் சொல்லத் தெரியலை. பல்லுக்கு மரக்கிற ஊசி போட்டு அனுப்பினா வாய் இருக்கும், இருக்கிறது தெரியாதுல்ல, அப்படித்தான் இருக்கு. இன்னைக்கு அளந்தீங்களே, எவ்வளவு? நூத்திஇருபதா? முன்னாடி இருந்ததைவிடக் கம்மி. சரி, உள்ளதைப் போடுங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பத்து நாளைக்கு முன்னாடி தருமு வந்தான். மாப்பிள்ளைக்குத் தலைத்திவசம் வருது, வல்லி சொல்லி அனுப்பிச்சிருக்கு அண்ணேங்கிறான். 'என்னடா சொன்னா?'ன்னேன். 'அண்ணனை வரச் சொல்லு. பழசெல்லாம் நான் பேசலை. அன்னைக்கு நடந்து வந்துச்சே, அதே மாதிரி வந்து, பந்தியில உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும், அது போதும் எனக்கு'ன்னு சொல்லிச்சாம். வல்லி வீட்டைக் காலி பண்றாளாம். சாமானெல்லாம் லாரியில போயிடுமாம். திவசத்துக்கு மறுநாள் மகன் கூட ஓசூர் போயிடறா, இனிமே இந்தப் பக்கம் வர்றதா இல்லைன்னான்.

திவசம் எப்பவா? இன்னைக்குத்தான்.

அதுக்குத்தான் உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன், அந்த மெஷினை ஒரே ஒரு நாளைக்குக் கொடுங்கன்னு. மூணு தடவை போட்டேன். அடுத்த குழுவுக்குக் கொடுத்தாச்சு ஐயா, அப்படியெல்லாம் தர முடியாதுன்னாங்க. நான் சர்வீஸ்ல யார்கிட்டயும் கெஞ்சினதில்லை. இவங்ககிட்டயும் கெஞ்சினேன்னு வெச்சுக்க வேண்டாம், கேட்டேன். இல்லைன்னா இல்லை. இப்போ நான் எப்படிப் போறது சொல்லுங்க? அன்னைக்கு ராஜா மாதிரி நடந்து போனவன் இன்னைக்கு வாக்கரைத் தள்ளிக்கிட்டுப் போய் நின்னா என்ன சொல்லுவா? நடிக்கிறான்னுதானே? சபையைக் கூட்டி வெச்சுக்கிட்டு அண்ணன் நாடகம் போடறான்னுதானே? எந்தக் காலோட போனாலும் தப்பு. இதை அந்த அரை வரியில எழுதுங்க பார்ப்போம்.

என்ன? என்னம்மா சொல்றீங்க?

இல்லை, இல்லை. ஐஞ்சாம் பக்கம். கொண்டு வந்திருக்கீங்களா? காட்டுங்க. கண்ணாடி அந்த ஜன்னல்ல இருக்கு, எடுங்க. வேண்டாம், நீங்களே படிங்க. '...உங்கள் பெயரையும் உடல்நல விவரங்களையும் நாங்கள் யாரிடமும் வெளியிட மாட்டோம்.' ம். மறுபடி படிங்க. 'நாங்கள்.' அதாவது நீங்க. ஆஸ்பத்திரி. நான் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம், காட்டலாம். மெஷின் கட்டின மத்தவங்க எல்லாரும் காட்டினாங்களா? ஒருத்தர் பேத்தி கல்யாணத்துல கட்டிக்கிட்டுப் போய் போட்டோ எடுத்துக்கிட்டாரா? சரி.

எனக்குத் தெரியாதான்னு பார்க்கிறீங்க. எழுதிக் கொடுத்தவர் யாரு, எழுதி வாங்கினவர் யாரு, எந்த ஷரத்து யாரைக் கட்டுப்படுத்தும்னு முப்பத்திநாலு வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினவன். ஏழு பக்கத்தையும் ஒரு மணி நேரம் படிச்சவன். நீங்க அப்படிப் பார்க்காதீங்கம்மா. வயசாச்சு, ஒரு வரி கண்ணுல படலை, அவ்வளவுதான். படலைன்னுதான் வெச்சுக்கணும்.

தண்ணி குடிக்கிறீங்களா? அந்தப் பானையில இருக்கு.

இல்லைம்மா, ஸ்கூட்டியெல்லாம் வேண்டாம். நீங்க நல்ல பொண்ணு, சொல்றது புரியுது. பின்னாடி உட்கார்ந்தா அஞ்சு நிமிஷம், உங்க செல்லுல மெஷின் படம் இருக்கு, நீங்களே அவகிட்ட எடுத்துச் சொல்லிடுவீங்க, அவளும் கேட்டுக்குவா. கேட்டுக்குவாதான். அவ கேட்டுக்கிட்டு, 'அப்போ ஏண்ணே அன்னைக்கே வேட்டியைத் தூக்கிக் காட்டலை'ன்னு ஒரு கேள்வி கேட்பா. அதுக்கு நான் என்ன சொல்றது? மணல்னு சொல்ல முடியுமா?

மறுபடி போன். தருமுதான். நீங்க எடுத்துச் சொல்லிடுங்க, ஐயா ஆஸ்பத்திரிக்காரங்க கூட முக்கியமான வேலையில இருக்கார், வர முடியாதுன்னு. பொய் இல்லையே, நீங்க இருக்கீங்களே. சொல்லிட்டீங்களா? என்ன சொன்னான்? 'கடைசிப் பந்திக்கு இலை போட்டாச்சு, வல்லி இன்னும் சாப்பிடலை, பக்கத்துல ஒரு இலையைப் போட்டு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு'ன்னானா.

ம்.

வெச்சுடுங்க, போனை வெச்சுடுங்கம்மா. அந்த நாலு கட்டம் இருக்கிற கேள்விக்கு வலின்னே டிக் போட்டுக்குங்க, மற்றவை வேண்டாம். இன்னும் எத்தனை கேள்வி இருக்கு? பதினேழா? நிதானமாக் கேளுங்க. எனக்கு இன்னைக்கு வேற வேலை ஒண்ணும் இல்லை.